கல்லாவுக்கு அந்தப் பக்கம்

அடுத்த இதழிலிருந்து நம் இதழில் ஒரு புதிய பகுதி தொடங்குகிறது. புதிதாக வந்திருக்கும் நூல்களில் எதைப் படிக்கலாம் என்று புத்தகக் கடைக்காரர்கள் அதில் சொல்வார்கள். எழுத்தாளர்களோ பேராசிரியர்களோ அல்ல. காலையில் கடை திறந்து, தூசி தட்டி, பார்சல் பிரித்து, பில் போட்டு, பாக்கிக்கு நடையாய் நடந்து, இரவில் கல்லாவை எண்ணிப் பூட்டுகிறவர்கள். இந்த முடிவை எடுத்தபோது ஆசிரியர் குழுவுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. "விற்கிறவர் தன் சரக்கை நல்லது என்றுதானே சொல்வார், அதை அச்சிட ஓர் இதழ் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடைதான் இந்தத் தலையங்கம்.

ஒரு விமர்சகர் சாதாரண நூலைத் தூக்கிவைத்துப் பேசிவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த மாதம் வேறொரு நூலைப் பற்றி எழுதுவார். பின்னட்டைக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தவரை யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை. சிற்றூர்க் கடைக்காரர் நிலை அப்படியல்ல. அவர் சொன்னதை நம்பி முந்நூறு ரூபாய்க்கு ஒரு நாவலை வாங்கிப்போனவர் மறுவாரம் அதே தெருவழியாகத்தான் வருவார். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்வார். ஒன்றும் சொல்லாமல் வருவதை நிறுத்திக்கொண்டால் அது இன்னும் பெரிய அடி. புதுக்கோட்டை மாதிரி ஊரில் பாடநூலும் தேர்வு நூலும் தவிர வேறு படிக்கிறவர்கள் யார் யார் என்பது கடைக்காரருக்கு முகம் முகமாகத் தெரியும். அதில் ஒரு முகம் குறைந்தால் அவருக்கு வலிக்கும். தன் சொல்லுக்கு அன்றாடம் பொறுப்பேற்றுக்கொண்டே பேச வேண்டியவர் இலக்கிய உலகில் அவர் ஒருவர்தான் என்பது எங்கள் எண்ணம்.

அந்தத் தொழிலின் கணக்கையும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ இலக்கிய நூல் மட்டும் விற்று ஒரு கடை பிழைக்க முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது போகிற நோட்டும் கைடும், தேர்வாணைய அறிவிப்பு வரும்போதெல்லாம் போகிற வினா-விடைத் தொகுப்புகளும்தான் வாடகையையும் மின்கட்டணத்தையும் கட்டுகின்றன. கடைக்கு உள்பக்கம், ஜியாமெட்ரி பாக்ஸ்களையும் சார்ட் தாள்களையும் தாண்டிப் போனால், ஒரு ரேக்கில் நாவலும் கவிதையும் கட்டுரையும் இருக்கும். கணக்குப்படி அந்த ரேக் நஷ்டம். அதே இடத்தில் நோட்டுக் கட்டுகளை அடுக்கினால் கூடுதலாக வரும். பதிப்பகம் தரும் கழிவில் லாரி ஆபீஸ் கூலி போக, மஞ்சளாகித் தங்கிவிடும் பிரதிகள் போக, திரும்பி வராத பாக்கி போக மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் அந்த ரேக்கை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதிலிருப்பதை அவர்கள் படித்திருக்கிறார்கள். அதனால்தான் எடுக்க மனம் வருவதில்லை.

புதுக்கோட்டை நகரத்தில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் போடுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். குரூப் 4 கைடு வாங்க வந்த ஒரு பையன் கையில் அவர் ஒரு நாவலையும் சேர்த்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. "இதையும் கொண்டு போ தம்பி. காசு இப்ப வேணாம். பிடிச்சிருந்தா காசு குடு, பிடிக்கலைன்னா புத்தகத்தைக் குடு." அந்தப் பையன் கொஞ்ச நாள் கழித்து நாவலைத் திருப்பிக் கொண்டுவந்தான். முழுக்கப் படிக்கவில்லை என்றான். நம்மில் பலராக இருந்தால் அந்த நாவலின் பெருமையைச் சொல்லி மறுபடி படிக்கச் சொல்லியிருப்போம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த எடத்துல நிறுத்துன?" அப்பா சாகிற இடத்தில் என்றான் பையன். "சரி, அப்ப வேற தர்றேன்" என்று ரேக்கின் மறுமுனைக்குப் போய், சிரிக்க வைக்கிற ஒரு கட்டுரைத் தொகுப்பை எடுத்துவந்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த நாவலுக்கு விமர்சனம் எழுதிய யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல நூலாகவே இருந்தாலும் இந்த ஆளுக்கு, இந்த மாதத்தில், இது வேண்டாம் என்று முடிவெடுப்பது பரிந்துரையில் பாதி வேலை. எல்லாருக்கும் பொதுவாகப் போடும் பட்டியல்களால் இதைச் செய்ய முடியாது.

நூலை ஆளறிந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. திருமயம் பக்கத்து ராயவரத்தில் 1912இல் பிறந்த வை. கோவிந்தன் பர்மாவில் வேலை பார்த்துத் திரும்பி, 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கினார். தி.ஜ.ர., தொ.மு.சி. ரகுநாதன், கு. அழகிரிசாமி எல்லாரும் அங்கே பணியாற்றியவர்கள். டால்ஸ்டாயைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் முன்னால் நின்றது அவருடைய பதிப்பகமான சக்தி காரியாலயம். பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பிறகு அதைப் பொதுவில் விட்டது. அதன் பின்னர் 1957இல் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர் கோவிந்தன். பதிப்பாளர் என்ற அளவில் அவரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த ஒன்றரை ரூபாயைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. ஒரு நூல் யார் வீட்டுக்குள் போக வேண்டும் என்று முதலில் நினைத்துப் பார்த்து, அந்த வீட்டில் செலவழிக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று அடுத்து நினைத்துப் பார்த்து விலை வைத்திருக்கிறார். அந்த விலையே ஒரு பரிந்துரை. கடைசிக் காலத்தில் பணக் கஷ்டத்தோடு 1966இல் அவர் மறைந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் மாதிரியானவர்களைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு எதுவும் அன்று நம்மிடம் இல்லை. இன்றும் இல்லை.

அதே ராயவரத்திலிருந்து வந்து, சக்தியில் வேலைக்குச் சேர்ந்து எழுதத் தொடங்கியவர் அழ. வள்ளியப்பா. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானபோது கோவிந்தன் அதன் தலைவர். வள்ளியப்பா அதை ஓட வைத்தவர். குழந்தைக்கு எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வியை ஒரு பொதுக் கேள்வியாக்கியது அந்தச் சங்கம். இன்றைக்கும் கடையில் பெற்றோர் அதிகம் கேட்பது அதுதான்: "பையன் அஞ்சாவது படிக்கிறான், என்ன புக் குடுக்கலாம்?"

இன்னொரு கட்டம் அறிவொளி எழுத்தறிவு இயக்கம். 1991, 92இல் இந்த மாவட்டம் கண்டது போன்ற ஓர் எழுச்சியை அதற்குப் பிறகு நாம் பார்க்கவில்லை. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கல் குவாரிப் பெண்கள் அரிச்சுவடி படித்தார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்தப் பெண்களையும் சைக்கிள்களையும் பற்றி பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதை வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கூடப் படித்திருக்கிறார்கள். அதில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்ட நாற்பது வயதுப் பெண்ணுக்கு அடுத்து என்ன கொடுப்பது? பாடப் புத்தகம் சலிக்கும், பத்திரிகை எழுத்து பொடியாக இருக்கும், கனமான நாவலைப் பார்த்தால் பயம் வரும். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு சிறு கதைப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு தொண்டர்கள் மையம் மையமாகப் போனார்கள். எந்த ஊரில் எந்தக் கதைக்குக் கூட்டம் சிரித்தது, எதற்கு அமைதியானது, எதைத் திரும்பப் படிக்கச் சொன்னது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு எதிலும் பதிவாகவில்லை. அவர்கள் வீடு திரும்பியபோது அதுவும் அவர்களோடு போய்விட்டது. எங்கள் புதிய பகுதிக்கு இதுவும் ஒரு காரணம். சொல்லிச் சொல்லியே வாழ்கிற அறிவு எழுதப்படாவிட்டால் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகிறது.

சிற்றிதழ்க்காரர்களான நமக்கு இதில் ஒரு முன்னோடி இருக்கிறார். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அப்படிப்பட்ட பயணத்தில் வல்லிக்கண்ணனும் உடன் போயிருக்கிறார். செல்லப்பாவின் தியாகத்துக்கு உதாரணமாக இதை மேடைகளில் சொல்கிறோம். அது மட்டுமல்ல. புதுக்கவிதை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு தமிழ் ஆசிரியரின் மேசை முன் நின்று, 'புதுக்குரல்கள்' தொகுப்பை ஏன் வாங்க வேண்டும் என்று அவர் பேசியாக வேண்டியிருந்தது. விமர்சனத்தில் எழுதியதையே வாய்வார்த்தையாக, எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், குஜிலிக் கடைகளின் மலிவான பாட்டுப் புத்தகங்களைச் சந்தையில் பாடிக்காட்டி விற்றவர்கள் இருந்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று அந்த உலகத்தை எழுதிக் காட்டியிருக்கிறார். தமிழில் அச்சு நூல் பரவியதற்குத் தொண்டையும் காலும் தேய்ந்த ஆட்கள் எப்போதும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலை எடுத்துக்கொள்வோம். 2020இல் வந்தது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பங்களின் வாழ்க்கையைச் சொல்வது. 2023இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டதும் கடைகளில் கேட்கத் தொடங்கினார்கள். விருதுக்குப் பின் ஒரு நாவலை விற்க யாருடைய துணையும் வேண்டாம். விருதுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு நல்ல நாவல் என்ன செய்யும்? யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, தன் கடைக்கு வருகிறவரிடம் எடுத்து நீட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். எங்கள் பகுதியில் நாங்கள் கேட்பது அந்தக் கைகள் நீட்டிய நூல்களைத்தான். பரிசு பெற்றவற்றின் பட்டியல் எங்கேயும் கிடைக்கும். முன்பு ஓராயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிட்ட பதிப்பகங்கள் இன்று நூறும் இருநூறுமாகத் தேவைக்கு ஏற்ப அச்சிடுகின்றன. நூறு பிரதி அச்சிட்ட கவிதைத் தொகுப்பில் ஒன்று கறம்பக்குடிக்கு வருமா என்பதே சந்தேகம். வந்துவிட்டால் அதை அடையாளம் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

புத்தகத் திருவிழா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. 2022 முதல் தமிழக அரசு மாவட்டந்தோறும் நடத்தத் தொடங்கியதற்கு முன்பே, மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்துப் புதுக்கோட்டையில் திருவிழா நடத்தியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் காசோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் அந்தப் பத்து நாளுக்கு வெளியே ஆண்டு முழுவதும் திறந்திருப்பது உள்ளூர்க் கடைதான். திருவிழாவில் பத்து சதவீதம் கழிவு கிடைக்கும் என்று அதற்கு முன்னால் இரண்டு மாதம் யாரும் கடைப் பக்கம் வருவதில்லை. முடிந்த பிறகு வாங்கியதைப் படித்து முடிக்கும் வரை வருவதில்லை. இந்தக் கழிவுப் போட்டியைக் கட்டுப்படுத்தப் பிரான்சில் 1981இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அச்சிட்ட விலையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எந்தக் கடையும் குறைத்து விற்கக் கூடாது. பெரிய கடைகள் விலையை வெட்டிச் சிறு கடைகளைச் சாகடிப்பதை அந்தச் சட்டம் பெருமளவு தடுத்தது. நம் ஊருக்கு அப்படி ஒன்று உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. விழாக் குழுவிடம் ஒன்றை மட்டும் கேட்கிறோம்: மாவட்டத்து உள்ளூர்க் கடைகளுக்கு வாடகை வாங்காமல் பொதுவாக ஓர் அரங்கு கொடுங்கள். அங்கே அவர்கள் தங்களுக்குப் பிடித்த புதிய நூல்களை மட்டும் வைக்கட்டும். வெளியூர்ப் பதிப்பகத்தார் போன பிறகும் யாரிடம் வந்து புத்தகம் கேட்கலாம் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

கடைக்காரர்களின் பரிந்துரையை எவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு ஜப்பான் ஒரு நல்ல சான்று. 2004 முதல் அங்கே புத்தகக் கடை ஊழியர்களே வாக்களித்து ஒரு விருது கொடுக்கிறார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் மூன்று நூல்களைச் சொல்கிறார்கள். அதில் முன்னணியில் வரும் பத்து நூல்களையும் முழுக்கப் படித்து, பத்துக்கும் கருத்து எழுதினால்தான் இரண்டாம் சுற்றில் வாக்களிக்கலாம். முதல் ஆண்டு அவர்கள் தேர்ந்தெடுத்தது யோகோ ஒகாவாவின் நாவல். எண்பது நிமிடத்துக்கு மேல் நினைவு தங்காத கணித மேதைக்கும், அவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும், அவள் மகனுக்கும் இடையில் வளரும் அன்பைச் சொல்லும் கதை. கூச்சல் இல்லாத அந்த நாவல் பெருந்திரளான வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது. எழுத்தாளர்கள் உட்கார்ந்து கொடுக்கும் புகழ்பெற்ற பரிசுகள் அந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தன. கல்லாவில் நிற்கிறவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னார்கள். வாசகர்கள் அதை நம்பினார்கள். அவர்களுடைய விதிகளில் எங்களுக்குப் பிடித்தது முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்பதுதான்.

ஆகவே நம் பகுதிக்கும் சில நிபந்தனைகள். பரிந்துரைக்கும் நூல் வெளிவந்து ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். பழைய நூல்களுக்குத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளைத் தேடுகிறவர்களுக்கு அங்கே வழி உண்டு. எங்களுக்கு வேண்டியது இன்னும் யாரும் பேசத் தொடங்காத நூல்கள். தமிழில் பதிப்பகம் நடத்துகிறவரே கடையும் வைத்திருப்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அவர் தன் வெளியீட்டைத் தானே பரிந்துரைக்கக் கூடாது. கூடுதல் கழிவு கிடைக்கிறது என்பதற்காக ஒரு நூலைச் சொல்லக் கூடாது. கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். பெயரும் ஊரும் போட வேண்டும். அந்தப் பக்கத்தில் பதிப்பக விளம்பரம் எதுவும் வாங்கமாட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இந்த நூலை யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள் என்று சொல்லியாக வேண்டும். "சமகாலத் தமிழ்ப் புனைவின் முக்கிய வரவு" என்ற மாதிரி வாக்கியங்கள் எங்களுக்கு வேண்டாம். அவை எங்கள் மதிப்புரைப் பக்கங்களிலேயே தேவைக்கு மேல் இருக்கின்றன. 'புதிதாகக் கல்யாணமாகி வெளியூர் போன பெண்ணுக்கு', 'ஓய்வுபெற்று வீட்டில் உட்காரப் பிடிக்காதவருக்கு', 'மரபு விவசாயம் என்று பேசிக்கொண்டு இன்னும் நிலத்தில் இறங்காதவருக்கு' என்று கடையில் சொல்கிறபடியே சொல்லட்டும். எழுதப் பழக்கமில்லை என்று தயங்குகிறவர்களிடம் நாங்களே நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். பேச்சு மொழியைத் திருத்தமாட்டோம்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடைக்குள் போய், கடைக்காரரிடம் கால் மணி நேரம் பேசி, அவர் எடுத்துக் காட்டியதைப் புரட்டிப் பார்த்து, அட்டையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து நாற்பது ரூபாய் குறைவாக இணையத்தில் வாங்குவது பெருகிவருகிறது. சட்டப்படி அது குற்றமல்ல. ஆனால் அந்தக் கால் மணி நேரம் அவருடைய உழைப்பு. அதற்குக் கூலி அந்தப் புத்தகத்தின் விலையில்தான் இருக்கிறது. நம் பகுதியில் ஒரு பரிந்துரையைப் பார்த்து வாங்க விரும்பினால், அதைச் சொன்ன கடையிலேயே வாங்குங்கள். தொலைவில் இருந்தால் அவர்களிடமே அஞ்சலில் கேளுங்கள். இதழுக்கு இதில் ஒரு பைசா பங்கும் கிடையாது.

நூலகர்களிடமும் கேட்கிறோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியையும் மக்கள் கட்டுகிறார்கள். சென்னையில் தேர்வாகி மொத்தமாக வரும் கட்டுகளில் கிளை நூலக வாசகர் கேட்ட நூல் இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிளை நூலகர் பக்கத்துக் கடைக்காரரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், எந்தப் புதிய நூலை வாசகர்கள் கேட்கிறார்கள் என்பது தெரியும். வாசகர் வட்டக் கூட்டத்துக்கு எழுத்தாளரை அழைப்பதுபோல் கடைக்காரரையும் அழைக்கலாம். 'வீதி' போன்று நம் நகரத்தில் தொடர்ந்து கூடிப் பேசிவரும் இலக்கியக் களங்களும் இதைச் செய்யலாம். மேடை அவருக்குப் புதிதாக இருக்கும். பேச விஷயம் நிறைய இருக்கும்.

முதல் பரிந்துரைகள் அறந்தாங்கி, பொன்னமராவதி, கந்தர்வகோட்டை ஆகிய ஊர்களிலிருந்து வருகின்றன: ஒரு நாவல், ஒரு சிறுவர் கதைப் புத்தகம், கிணறுகளைப் பற்றிய ஒரு சிறு நூல். மணமேல்குடி, ஆவுடையார்கோயில், இலுப்பூர் பக்கம் பாடநூல் அல்லாத புத்தகங்களுக்கு ஒரு ரேக்காவது ஒதுக்கியிருக்கும் கடைகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கடைக்கு நாங்கள் போகிறோம்.